முகம் அணையக் கூடாது

சான் டெல்மோ நகராட்சிக்கு ஒரு ஆம்புலன்ஸ் உண்டு. உண்டு என்றால் நிற்கிறது என்று பொருள். ஓடுகிறதா என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களை விட்டுத்தள்ளுங்கள்.

வெள்ளை வேன். இரண்டு பக்கமும் மேயர் எஸ்ட்ராமெராவின் பெயர் பெரிய பெரிய எழுத்தில் இருக்கும். ஆம்புலன்ஸ் என்ற வார்த்தையைப் படிக்க வேண்டுமென்றால் குனிந்து பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தேட வேண்டும். மற்ற ஊர்களில் கூரைமேல் சிவப்பு விளக்கு சுழலுமே, அந்த இடத்தில் இங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் மேயரின் முகம், முகத்துக்குப் பின்னால் விளக்கு. பகல் இரவு பார்க்காமல் பல்லெல்லாம் தெரிய அது எரிந்துகொண்டே இருக்கும். கீழே, 'உங்கள் மேயரின் அன்பளிப்பு'. வண்டி வாங்கிய பணம் ஊரார் கட்டிய வரி. தங்கள் காசில் வாங்கியதைத் தாங்களே அன்பளிப்பாகப் பெற்றுக் கைதட்டுவது சான் டெல்மோக்காரர்களுக்குப் புதிதல்ல. இதற்கு முந்தைய மேயர், குப்பைத்தொட்டியிலிருந்து சவப்பெட்டி வைக்கும் பலகை வரை எல்லாவற்றிலும் சிரித்தார்.

இந்த விளக்குக்கு ஸ்விட்ச் கிடையாது. முதலில் வண்டிச் சாவியே ஸ்விட்சாக இருந்தது. ஒருநாள் டிரைவர் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்த, முகமும் கூடவே அணைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா மேயர் எதிரே வர வேண்டும்? தன் முகம் தன் கண்முன்னே இருண்டு போனதை அவரால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே சாவிக்கும் விளக்குக்கும் சம்பந்தமில்லாமல், பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த டிரைவர்தான் நெமேசியோ. ஐம்பத்தெட்டு வயது. மனைவி இத்தாலியில் ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். போன புதிதில் தினமும் கூப்பிட்டாள், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பிறகு கிறிஸ்துமஸுக்கு. இப்போது வருஷத்துக்கு ஒரு பெட்டி மட்டும் வருகிறது. அதில் சாக்லேட், டின் இறைச்சி, ஏகப்பட்ட சோப்பு. தனியாளுக்கு எத்தனை சோப்புதான் வேண்டியிருக்கும்? சமையலறை அலமாரி நிரம்பி, கட்டிலடி நிரம்பி, வீடே மணக்கிறது. அந்த மணத்தில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் நெமேசியோ படுத்திருப்பார்.

அவருக்குப் பேச்சுத்துணை செவ்வாயும் வெள்ளியும்தான். அந்த நாட்களில் மனாங் பாசிங்கை டயாலிசிஸுக்கு மாகாணத் தலைநகருக்குக் கூட்டிப்போக வேண்டும். மனாங் என்றால் அக்கா. ஊரே அந்த அம்மாளை அப்படித்தான் கூப்பிடும். சந்தையில் உப்புமீன் விற்றுப் பழகிய தொண்டை, யாருக்கும் பயப்படாத வாய். போகிற வழியெல்லாம் வேன் ரேடியோவில் பழைய காதல் பாட்டு ஓட, மனாங் பின்னாலிருந்து தப்புத்தப்பாகப் பாடிக்கொண்டு வருவார். இலையில் சுற்றி வேகவைத்த சுமான் என்ற அரிசிப் பலகாரம் இரண்டு கொண்டுவந்து ஒன்றை நெமேசியோவுக்குக் கொடுப்பார். வாரத்தில் நெமேசியோ சிரிப்பதெல்லாம் அந்த வண்டிக்குள்ளேதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாவியைத் திருப்பினால், டிக். அவ்வளவுதான்.

சந்தைச் சுமைக்காரர்கள் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையும் அதே டிக். அடுத்த வாரமும் அதே கதை.

"என்ன எழவுன்னே தெரியல மனாங்," என்றார் நெமேசியோ. "பேட்டரி நல்லாத்தான் இருக்குங்கிறாங்க. காலைல பாத்தா செத்துக் கெடக்கு."

"மேல ஒருத்தன் ராத்திரி பகலா பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறானே, அவன் எதைத் தின்னு எரியிறானாம்?"

"ஐயையோ, மெதுவா பேசுங்க. காதுல விழுந்துடப் போவுது."

"யாரு காதுல? பெட்டி காதுலயா?"

நெமேசியோவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். வண்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் மேயரின் முகம் மின்சாரம் தின்னும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். கட்டளைப்படி எரிகிற பொருள் எப்படிக் குற்றம் செய்யும்? பேட்டரி அடிக்கடி செத்துப் போகிறது, காரணம் தெரியவில்லை என்று நகராட்சியில் போய்ச் சொன்னார். சனி பிடித்தது அங்கேதான்.

மறுவாரமே 'பேட்டரிச் சோர்வு ஆய்வுப் பணிக்குழு' அமைந்தது. தலைவர் அட்டர்னி பாலிங்கிட், வக்கீல். பேட்டரிக்கு வக்கீல் எதற்கு என்று கேட்கிறீர்களா? போன வருஷம் பாலம் இடிந்ததை ஆராய்ந்த குழுவுக்குப் பல் டாக்டர்தான் தலைவர். எல்லாருக்கும் மஞ்சள் டீ-ஷர்ட் வந்தது. நெஞ்சில் மேயர் முகம், முதுகில் 'சோர்வை வெல்வோம்'. வேனுக்குப் பின்னால் பெரிய பேனர். பேனரில் மேயர், மேயர் மனைவி, அட்டர்னி, மூலையில் ரேஷன் கார்டுப் படம் அளவுக்கு பேட்டரி.

முதல் கூட்டம் காலை எட்டு மணிக்கு. ஜெபம், தேசிய கீதம், மாகாண கீதம், மேயர் மேல் புனையப்பட்ட பாட்டு. அப்புறம் கணக்குப் பிரிவுப் பெண்கள் நடனமாடினார்கள். அப்புறம் எல்லாரும் இறுக்கம் தளர ஒரு விளையாட்டு: இடப்பக்கம் நிற்பவர்கள் பிளஸ், வலப்பக்கம் நிற்பவர்கள் மைனஸ், விசில் அடித்ததும் ஓடிப்போய்க் கைகோக்க வேண்டும். நெமேசியோவுக்கு ஜோடி கிடைக்கவில்லை. நடுவில் தனியாக நின்றார். அவரை 'எர்த்' என்று அறிவித்துக் கைதட்டினார்கள்.

பிறகு அட்டர்னி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தக் குழு அவசரப்படாது. அத மொதல்லயே சொல்லிடறேன். அவசரப்பட்டா காரணம் தெரிஞ்சிடும். காரணம் தெரிஞ்சிட்டா குழுவக் கலைக்கணும். குழுவக் கலைச்சிட்டா, பாவம், இந்த மக்களுக்கு வேற யாரு இருக்கா?"

பலத்த கரகோஷம். உடனே பெட்டி பெட்டியாக நூடுல்ஸ் வந்தது. சாப்பிட்டதும் வெயில் ஏறிவிட்டதால் பேட்டரியை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் பார்த்தார்கள். நகராட்சி எலக்ட்ரீஷியன் தாதோ, பேட்டரியிலிருந்து கசியும் மின்சாரத்தை அளக்கும் மீட்டரோடு வந்து பானெட்டைத் திறந்தான். ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மீட்டரைப் பார்த்தான், முள் அசையவில்லை. கடைசியாக ஒரு சிவப்பு ஒயரைக் கழற்றினான். முள் தொபுக்கென்று பூஜ்யத்தில் விழுந்தது. அதே நொடி கூரைமேல் மேயரின் முகம் இருண்டது.

கூட்டத்தில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். தாதோ தலையைத் தூக்கி இருண்ட முகத்தைப் பார்த்தான், அட்டர்னியின் முகத்தைப் பார்த்தான், சூடு பட்டவன் போலக் கையை உதறிக்கொண்டு ஒயரை மறுபடி மாட்டினான். மேயர் சிரித்தார்.

"உப்புக்காத்து, அட்டர்னி," என்றான் தாதோ. "கடல் பக்கத்துல இருக்குல்ல. அதான்."

"கடல்!" என்று அட்டர்னி கையை உயர்த்தினார். "பாத்தீங்களா? இயற்கைச் சீற்றம்!"

கடலை அகற்ற நகராட்சிக்கு அதிகாரமில்லை. ஆகவே வண்டியில் மின்சாரத்தைத் தின்னும் தேவையற்ற சாதனங்களை அகற்றுவது என்று தீர்மானமாயிற்று. முதலில் ரேடியோவைப் பிடுங்கினார்கள்.

"என் பாட்டு எங்கடா?" என்று மனாங் கத்தினார். டேஷ்போர்டில் ஓட்டை வாய் பிளந்து கிடந்தது. "சரி போ. எனக்கென்ன தொண்டையா இல்ல? எனக்கு பேட்டரி போடத் தேவையில்ல பாரு." தலைநகர் வரை தானே பாடினார். ஒரு பாட்டுக்கும் மெட்டு நிற்கவில்லை. நெமேசியோ சிரித்துச் சிரித்துச் சாலையைக் கோட்டைவிடப் பார்த்தார்.

பேட்டரி மறுபடி செத்தது. நோயாளிக்காகப் பின்னால் மாட்டியிருந்த சின்ன மின்விசிறியைக் கழற்றினார்கள். மனாங் ஓலை விசிறி கொண்டுவந்தார். மறுபடி செத்தது. கடைசியில் வண்டிக்குள் இருந்த குட்டி விளக்கையும் எடுத்துவிட்டார்கள். அதனால் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது வண்டிக்குள் ஒரே இருட்டு. கண்ணாடியில் மனாங்கின் முகம் தெரியாது. ஊசி குத்திய களைப்பில் அவரால் பாடவும் முடியாது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை சீட்டின் முதுகைத் தட்டுவார்.

"நெமேஸ், இருக்கியா?"

"இருக்கேன் மனாங்."

"சரி. ஓட்டு."

நெமேசியோவுக்கு அது போதுமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் இருக்கிறாரா என்று வேறு யாரும் கேட்டதில்லை.

பிறகு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மனாங் பாசிங் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"நான் படிச்சவ இல்ல அட்டர்னி. ஆனா கடையில எரியிற பல்பக் குழந்தகூட அணைச்சிட்டுத்தான் தூங்கப் போவும். அந்த மூஞ்சிய அணைங்கய்யா. வண்டி ஓடும்."

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அதைச் சொன்னதுதான் தப்பு. தாதோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டர்னி கனிவாகச் சிரித்தார்.

"மனாங் மனசுல உள்ளதச் சொன்னாங்க. நோயாளி சோர்வா இருக்காங்கன்னு பதிவு பண்ணிக்கிறோம். ஆனா ஒண்ணு யோசிங்க. ஆபத்துல கெடக்கிறவனுக்கு மொதல்ல என்ன வேணும்? டாக்டரா? மருந்தா? யாரோ நமக்காக இருக்காங்கங்கிற நம்பிக்கை! அந்த நம்பிக்கைதான் மேல எரியுது. வண்டி வரலன்னாலும் வெளிச்சம் தெரியுதா இல்லையா?"

கரகோஷம் மறுபடி. மேயர் சட்டப்படி இனி நிற்க முடியாது, அடுத்த தேர்தலில் அவர் மனைவி நிற்கிறார். ஆகவே மறுவாரம் வேனின் பின்கதவில் இரண்டாவது பெட்டி வந்தது. அதற்குள் மேயரம்மாவின் முகம். அதுவும் அதே ஒயரில் எரிந்தது.

அதற்குப் பிறகு வண்டியை யாரும் தள்ளிக் கிளப்பக் கூடாது, ஆய்வு கெட்டுவிடும் என்று குழு தடை போட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி கிளம்பவே இல்லை. மனாங் டயாலிசிஸ் இல்லாமல் வீட்டில் கிடந்தார். நெமேசியோ போய்ப் பார்த்தபோது கால் இரண்டும் வீங்கி, விரல் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. மூச்சு இழுத்தது.

"எம்பொண்ணு தலைநகருக்கே வந்துருங்கிறா," என்றார் மனாங். "அவ வீட்லேர்ந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். நாந்தான் இத்தன நாளா தட்டிக் கழிச்சேன். அந்த பத்தாவது மாடி, ஜன்னலத் தெறந்தா பக்கத்து வீட்டுக்காரன் ஜட்டி காயுது. ஆனா நெமேஸ், இன்னொரு தடவ தவறிச்சின்னா நான் பொணம்."

"வெள்ளிக்கிழமை கண்டிப்பா போறோம் மனாங். புது பேட்டரி வருது. பெருசு. லாரிக்குப் போடறது."

"புதுசா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நெமேசியோ நம்பித்தான் செய்தார். ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. வேலை போனால் வண்டி வேறு ஆளிடம் போகும், வண்டி போனால் செவ்வாயும் வெள்ளியும் போய்விடும் என்று நினைத்துக் கையைச் சும்மா வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. புது பேட்டரியும் வந்தது, விழாவோடு. மாட்டி, ஓடிப்போய்விடலாம் என்று இருந்த நெமேசியோவை அட்டர்னி தோளில் கைபோட்டு நிறுத்தினார்.

"மனோங் நெமேஸ், என்ன அவசரம்? பயனாளி இல்லாம விழாவா?"

மனோங் என்றால் அண்ணன், பயனாளி என்றால் மனாங் பாசிங். வீங்கிய காலோடு அவரை முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் ரிப்பனின் ஒரு முனையைக் கொடுத்தார்கள். பக்கத்தில் அவருடைய பை. வழக்கமாகக் கொண்டுவருவதைவிடப் பெரிதாக இருந்தது. நெமேசியோ கவனித்தார், கவனித்துவிட்டு மறந்தார்.

பாதிரியார் பேட்டரிமேல் புனித நீர் தெளித்தார். புது பேட்டரியின் பலத்தை மக்களுக்குக் காட்ட, நான்கு பெரிய ஒலிபெருக்கிகளையும் அதிலேயே மாட்டினார்கள். வார்டு உறுப்பினர்கள் பேசினார்கள். மேயரம்மா பேசி, பாடி, மறுபடி பேசினார். வெயில் மண்டையைப் பிளந்தது. மனாங்கின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்து நெமேசியோ மூன்றுமுறை மேடைக்குக் கீழே போய்க் கைகட்டி நின்றார். மூன்றுமுறையும் அவருக்கு நூடுல்ஸ் பெட்டி கொடுத்தனுப்பினார்கள்.

கடைசியாக மேயர்.

"என் அன்பு மக்களே! இந்த வெளிச்சம் வெறும் வெளிச்சமில்ல, என் இதயம். சிலர் கேக்கிறாங்க, ஏன் அணைக்கக் கூடாதுன்னு. நோயாளி வருவாங்க, போவாங்க. டிரைவர் வருவாரு, போவாரு. ஏன், வண்டியே ஒருநாள் துருப்புடிச்சிப் போவும். ஆனா எம்முகம் உங்களுக்கு இல்லாம ஒரு நிமிஷம் இருக்கலாமா? நீங்க சொல்லுங்க!"

மக்கள் ஒன்றும் சொல்லவில்லை. பேண்டு வாத்தியம் சொன்னது.

ரிப்பன் வெட்டினார்கள். மனாங்கைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். நெமேசியோ மனதுக்குள் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டபடி சாவியைத் திருப்பினார்.

டிக்.

இன்ஜினைக் கிளப்பப் பலம் வேண்டும். பல்லைக் காட்ட அவ்வளவு பலம் வேண்டாம். கூரையில் மேயரும் பின்னால் மேயரம்மாவும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தார்கள்.

அட்டர்னி லேசில் சளைக்கிற ஆளா? ஒலிபெருக்கி செத்திருந்ததால் கையை வாயில் குவித்துக் கத்தினார். "பாயனிஹான்! நம்ம முன்னோர் ஊரே கூடி வீட்டத் தோள்ல தூக்கினாங்களே, அந்தப் பாயனிஹான்! தள்ளுங்க! தடையத் தளர்த்திட்டேன்!"

மேயரே கை வைத்தார். மஞ்சள் டீ-ஷர்ட்கள் மொய்த்தன. போட்டோக்காரன் முன்னால் பின்பக்கமாக ஓடிக்கொண்டே எடுத்தான். "யந்திரம் தோத்த எடத்துல மக்கள் ஜெயிக்கிறாங்க!" என்று யாரோ முழங்கினார்கள். வயல்வெளி தொடங்கும் வளைவு வரை நடைவேகத்தில் தள்ளினார்கள். கிளட்சை விட்டுப் பார்க்க நெமேசியோ இன்னும் கொஞ்சம் வேகம் கேட்டுக் கத்தினார். அதற்குள் போட்டோ முடிந்துவிட்டது. சுட்ட பன்றி வந்துவிட்டது என்று பின்னாலிருந்து குரல் வர, அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் விலகின.

வண்டி இரண்டு அடி உருண்டு நின்றது. இரண்டு பக்கமும் நெற்பயிர். ஆளரவமில்லை.

"போயிட்டாங்களா?" என்றார் மனாங்.

"போயிட்டாங்க."

"அப்ப அந்த ஒயரப் புடுங்கு."

நெமேசியோ இறங்கினார். பானெட்டைத் திறந்து சிவப்பு ஒயரைப் பிடித்து இழுத்தார். மேயரும் மேயரம்மாவும் ஒன்றாக அணைந்தார்கள். வந்து சாவியைத் திருப்பினார். டிக். இன்னொருமுறை. டிக். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

"நேத்தே புடுங்கியிருக்கணும் மனாங். பயந்துட்டேன்."

"தெரியும்டா. விடு."

தூரத்தில் ஊர் ஊராக ஆளேற்றிப் போகும் ஜீப்னியின் சத்தம் கேட்டது. கூரையில்கூட ஆள். நெமேசியோ நடுரோட்டில் நின்று மறித்தார். நடத்துநர் இரண்டு பேரை எழுப்பிவிட்டு மனாங்கை உட்காரவைத்தான். பெரிய பையை நெமேசியோ தூக்கிக் கொடுத்தார். அப்போதுதான் அதன் கனம் அவருக்கு உறைத்தது.

"துணியெல்லாம் எடுத்துட்டீங்களா?"

"வீட்டயும் பூட்டிட்டேன். எம்பொண்ணுகிட்ட சொல்லியாச்சு." மனாங் மூச்சு வாங்கினார். "உன் வண்டி கிளம்பியிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். திரும்பி வந்திருப்பேன். நீயும் வாயேன், ஆஸ்பத்திரி வரைக்கும்."

"அட்டர்னி கையெழுத்தில்லாம அரசாங்க வண்டிய நடுவழியில விட்டுட்டு வரக்கூடாது மனாங். ஆள் அனுப்புவாரு."

"அனுப்புவான், அனுப்புவான்." மனாங் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "சோப்ப தீத்துரு. வீட்ல வச்சிக்கிட்டு மோந்து பாக்காத."

ஜீப்னி கிளம்பியது. வளைவில் திரும்பும்வரை ஒரு கை வெளியே தெரிந்தது.

ஆள் வரவில்லை. வெயில் சாய்ந்தது. பின்சீட்டில் இலைப்பொட்டலம் கிடந்தது, இரண்டு சுமானும் அப்படியே. நெமேசியோ ஒன்றைத் தின்றார். இன்னொன்றைப் பிரிக்க மனசு வரவில்லை. தவளைகள் கத்த ஆரம்பித்தன. பாட ரேடியோ இல்லை, உள்ளே விளக்கு இல்லை. கண்ணாடியில் பின்சீட்டே தெரியாத அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

சீட்டின் முதுகில் யாராவது தட்டுவார்கள் என்று அவர் காத்திருந்தார். பிறகு அவரே திரும்பிக் கேட்டார்.

"மனாங், இருக்கீங்களா?"

ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

அவர் இறங்கிப் போனார். பானெட்டைத் திறந்து, தடவித் தடவிச் சிவப்பு ஒயரைக் கண்டுபிடித்து, தன் கையாலேயே மறுபடி மாட்டினார். மேயர் எரிந்தார். மேயரம்மா எரிந்தார். சாலையில் நான்கடிக்கு மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

நெமேசியோ அந்த வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தார்.

"இருக்கியா?" என்றார்.

மேயர் சிரித்துக்கொண்டிருந்தார்.